கைப்பக்குவமும் நன்றியறிதலும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை 'நன்றியறிதல் நாள்' எனக் கொண்டாடப்படுகின்றது. நம் மக்களுள் பலர் அந்நாட்டில் குடியேறி வாழ்வதால், அந்நாளைப் பற்றி நம் பங்குக் குடும்பங்கள் கேள்வியுற்றிருக்கக்கூடும். வான்கோழி விருந்து, விடுமுறை, மறுநாள் கடைவீதியில் நெரிசல்: பலர் அறிந்தது இவ்வளவே. செல்வர் நாட்டில் உண்டு களிக்க ஒரு நாள் என்று அதனை ஒதுக்கிவிடுவாரும் உளர். ஆயினும், அத்திருநாளின் அடுப்படிக்குள் சற்றே நுழைந்து பார்ப்போமாயின், நாம் எதிர்பாராத ஓர் உண்மையைக் காண்போம். அந்த விருந்துக்கு உருவம் கொடுத்தவர்கள், வாழ்வில் பெரிதும் இழந்தவர்களே. இம்மாதம் அதனையே சிந்திப்போம்.

1620-ஆம் ஆண்டு 'மேபிளவர்' என்னும் கப்பலில் 102 பயணிகள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, இன்று மாசச்சூசெட்ஸ் எனப்படும் கடற்கரையில் பிளிமத் என்ற குடியிருப்பை அமைத்தனர். முதற் குளிர்காலம் முடிவதற்குள் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டனர். கணவரோடு வந்த பெண்கள் பதினெண்மர். 1621-ஆம் ஆண்டு அறுவடைக் காலத்தில் உயிரோடிருந்தவர்கள் நால்வரே. அந்த அறுவடை விருந்துக்கு வாம்பனோக் பழங்குடியினரின் தலைவராகிய மாசசாய்ட் ஏறத்தாழத் தொண்ணூறு ஆடவரோடு வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர். மூன்று நாள்கள் விருந்து நடந்தது. எஞ்சியிருந்த அந்த நான்கு பெண்களும் சிறுமியருமே இத்தனை பேருக்கும் அடுப்படியில் பாடுபட்டிருப்பர் என எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கின்றதன்றோ?

அவர்களுக்குச் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர் திஸ்குவாண்டம் என்னும் பழங்குடி மனிதர். 1614-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் அவரை வஞ்சகமாகப் பிடித்துச் சென்று, ஸ்பெயின் நாட்டின் மலாகா துறைமுகத்தில் அடிமையாக விற்க முயன்றான். அவ்வாறு கொண்டுவரப்பட்டவர்களுள் சிலரை அவ்வூர்த் துறவிகள் மீட்டனர் என்பது வரலாறு. திஸ்குவாண்டம் இங்கிலாந்து சென்று, 1619-இல் தாயகம் திரும்பினார். அவருடைய ஊர் முழுவதும் கொள்ளைநோயால் அழிந்து கிடந்தது. ஆங்கிலேயர் பிளிமத்தை அமைத்த இடம் அந்த ஊரேயாகும். தம் ஊராரை எல்லாம் இழந்த ஒருவர், தம் ஊர் மண்ணிலே வந்து குடியேறிய அந்நியருக்கு விதைக்கக் கற்றுத்தந்தார்!

இன்று அத்திருநாளுக்கு அடையாளமாக விளங்கும் இனிப்புப் பண்டம் 'பை' என்பதாகும். இது நாம் தோளில் மாட்டும் பையன்று. மாவை வட்டமாகத் தேய்த்துத் தட்டில் விரித்து, அதனுள் பூசணிக் கூழையோ ஆப்பிள் துண்டுகளையோ இட்டு, ஓவன் அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டமாகும். 1621-இல் இது இருந்திருக்க வழியில்லை. அதற்கு வேண்டிய கோதுமை மாவும் வெண்ணெயும் அன்று அவர்களிடம் அரிது. அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. அதனைக் கொணர்ந்து சேர்த்த கைகள் யாருடையவை?

அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூல் என்று போற்றப்படுவது, 1796-இல் ஹார்ட்போர்டு நகரில் வெளிவந்த 'அமெரிக்கச் சமையல்' என்னும் நூல். பூசணிக் கூழை மாவுத் தட்டில் ஊற்றிச் சுடும் முறை அதில் காணப்படுகின்றது. அதனை எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ். நூலின் முகப்பில் அவர் தம் பெயருக்கு அருகே தம்மைப் பற்றிப் பொறித்துக்கொண்டது ஒன்றே: தாம் ஓர் அனாதை என்பது. பெற்றோரை இழந்து, பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைக்க வேண்டிய பெண்களை அவர் தம் முன்னுரையில் நினைவுகூர்கின்றார். அன்னையின் அருகே நின்று கற்கும் பேறு பெறாதவர்களுக்கு ஓர் அனாதைப் பெண்ணே அன்னையாக நின்றார் எனலாம்.

அடுத்து வருபவர் ஒரு கைம்பெண். சாரா ஜோசபா ஹேல் என்பார் 1822-இல் கணவரை இழந்து, ஐந்து மக்களோடு தனித்து நின்றார். பிள்ளைகளைக் காப்பாற்ற எழுதுகோலைக் கையிலெடுத்தார். மேரி என்னும் சிறுமியையும் அவளுடைய ஆட்டுக்குட்டியையும் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் பாடும் ஆங்கிலப் பாட்டை வெளியிட்டவரும் இவரே. 1827-இல் அவர் எழுதிய 'நார்த்வுட்' என்னும் புதினத்தில் நன்றியறிதல் விருந்து மேசையை விரிவாக வருணித்துப் பூசணிப் பைக்குச் சிறப்பிடம் தந்தார். அந்நாளில் இத்திருநாள் சில மாநிலங்களில் மட்டுமே, வெவ்வேறு நாள்களில் கொண்டாடப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே மேசையில் அமர்வதுபோல் அமர வேண்டும் என்று அவர் ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் பல்லாண்டுகள் மடல்மேல் மடல் எழுதினார்.

1863-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் அவர் எழுதிய மடல் ஆபிரகாம் லிங்கனுக்குச் சென்றது. அக்டோபர் 3-ஆம் நாள் லிங்கன் நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமையை நன்றியறிதல் நாளாக அறிவித்தார். அஃது எத்தகைய காலம்! உள்நாட்டுப் போரில் உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த காலம். கெட்டிஸ்பர்க் போர் முடிந்து மூன்றே திங்கள் ஆகியிருந்தன. அந்த அறிவிப்பிலேயே, கைம்பெண்களையும் அனாதைகளையும் துயருறுவோரையும் இறைவனின் கரங்களில் ஒப்படைக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். நான்காம் வியாழன் என்னும் இன்றைய முறை 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது.

மூன்றாமவர் ஒரு முன்னாள் அடிமை. தென் கரோலினாவில் பிறந்த ஆபி பிஷர் என்னும் கறுப்பினப் பெண்மணி, அடிமைத்தனம் ஒழிந்தபின் சான் பிரான்சிஸ்கோ நகரில் குடியேறிச் சமையலில் புகழ் பெற்றார். பதினொரு மக்களை ஈன்ற அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி, 1881-இல் அவருடைய சமையல் நூல் அச்சேறியது. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை செய்யும் முறையும் அதில் உண்டு. இன்றும் கறுப்பின மக்களின் நன்றியறிதல் மேசையில் பூசணியைவிட அந்தக் கிழங்குப் பைக்கே முதன்மை. பிறருடைய அடுப்படியில் ஊதியமின்றி உழைத்த தலைமுறைகளின் கைப்பக்குவம், இன்று சொந்த மேசையில் உரிமையோடு வீற்றிருக்கின்றது.

அனாதை, கைம்பெண், அடிமை! ஆண்டவர் தம் மறைநூலெங்கும் எவர்களைத் தம் கண்ணின் மணியெனக் காக்கின்றாரோ, அவர்களே ஒரு நாட்டின் நன்றி விருந்துக்கு மாவு பிசைந்தவர்கள். நிறையப் பெற்றவனே நிறைய நன்றி கூறுவான் என்று நாம் எண்ணுகின்றோம். அவ்வாறாயின் குணம் பெற்ற தொழுநோயாளர் பதின்மரும் திரும்பி வந்திருக்க வேண்டுமே! வந்தவன் ஒருவனே, அவனும் அந்நியன். அமெரிக்கத் திருச்சபையில் நன்றியறிதல் நாள் திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி இதுவே என்பது பொருத்தமன்றோ?

இனி அந்த அடுப்படியைக் காண்போம். புதன்கிழமை மாலையிலேயே பல இல்லங்களில் பை சுடும் வேலை தொடங்கிவிடுகின்றது. பாட்டி, தாய், பேத்தி என மூன்று தலைமுறையினர் ஒரே மேசையைச் சுற்றி நிற்பர். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும்; மாவை அதிகம் பிசையலாகாது; பிசைந்தால் இறுகிவிடும். குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். எத்தனை கரண்டி? அன்றைய மாவின் ஈரத்தைப் பொறுத்தது. அதனை விரல்களே அறியும். பூசணிக் கூழோடு முட்டை, பால், சர்க்கரை ஆகியவற்றையும், இலவங்கப்பட்டை, கிராம்பு, சாதிக்காய், சுக்குப் பொடிகளையும் கலப்பர். அந்த மணம் நம்மவர்க்குப் புதிதன்று. அமெரிக்கப் பூசணிக்கு மணமூட்டுபவை கீழ்த்திசைக் கரைகளிலிருந்து சென்ற சரக்குகளே. நடுப்பகுதி சற்றே அசையும் பதத்தில் அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும். வெட்டியெறிந்த மாவு ஓரங்களில் சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவிச் சுட்டுத் தருவது குழந்தைகளின் பங்கு. பெரியவர்களான பின்னும் அவர்கள் மறவாதிருப்பது பெரும்பாலும் அந்த ஓரத்துண்டுகளையே.

பல இல்லங்களில் சிறு பெட்டியொன்று உண்டு. அதில் பாட்டியின் கையெழுத்தில் சமையல் குறிப்பு அட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். வெண்ணெய்க் கறை படிந்த அட்டையே அடிக்கடி எடுக்கப்பட்ட அட்டை என்று அறியலாம். இன்று பலர் டப்பாவில் அடைத்த பூசணிக் கூழையே வாங்குகின்றனர். பாட்டியின் இரகசியக் குறிப்பு என்று போற்றப்பட்டது, அந்த டப்பாவின் மேலட்டையில் அச்சிடப்பட்ட குறிப்பே எனப் பின்னர்த் தெரிந்து சிரித்த குடும்பங்களும் உண்டு. அதனால் இழப்பொன்றுமில்லை. கூழ் டப்பாவிலிருந்து வரலாம். பேத்தியின் கையைப் பிடித்து மாவு தேய்த்த பாட்டியின் கை எந்தக் கடையில் கிடைக்கும்?

நவம்பர் மாதம் நமக்கு இறந்தோரின் மாதமுமாகும். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றி, மலர் தூவி, நம் முன்னோரை நினைக்கின்றோம். நியூயார்க் நகரின் ஒரு கல்லறைத் தோட்டத்தில், திறந்த புத்தக வடிவில் அமைந்த நினைவுக்கல்லொன்று உண்டு. அதில் ஒரு தாய் செய்துவந்த பிஸ்கோத்துக்கு வேண்டிய பொருள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பொருள்கள் மட்டுமே, செய்முறை இல்லை. எவ்வளவு பெரிய பாடம் அது! மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு என்பதைக் கல்லில் வெட்டலாம். கைப்பக்குவத்தைக் கல்லில் வெட்ட இயலுமா? அதனை உயிரோடிருக்கும்போது, அருகே நின்று, உயிருள்ள கையிலிருந்து உயிருள்ள கை வாங்க வேண்டும்.

நன்றியும் அத்தகையதே. 'நன்றி சொல்' என்று பிள்ளைக்குக் கட்டளையிடுவது எளிது. ஒரு பண்டத்தின் பின்னால் எத்தனை பேரின் உழைப்பும் கண்ணீரும் உள்ளன என்பதை மாவு பிசையும்போது அறிகின்ற பிள்ளையே உண்மையில் நன்றி கற்கின்றது. ஆதலின் அந்த நினைவு முழுமையானதாக இருத்தல் வேண்டும். 1970-ஆம் ஆண்டு முதல் பழங்குடி மக்களும் அவர்களோடு பிறரும் அதே வியாழக்கிழமையன்று பிளிமத் குன்றில் கூடி, தம் முன்னோர் இழந்த நிலத்தையும் உயிர்களையும் எண்ணித் துக்க நாள் கடைப்பிடிக்கின்றனர். அவர்களை மறந்துவிட்டு உண்ணும் விருந்தில் நன்றி குறைவுபடும். அவ்வாறே, அவ்வாண்டில் ஒருவரைப் பறிகொடுத்த இல்லத்தின் மேசையில் ஒரு நாற்காலி வெறுமையாயிருக்கும். அங்கே அவருக்குப் பிடித்த பையைச் சுட்டு வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். அழுதுகொண்டே நன்றி கூறுவதும் நன்றியே.

'யூக்கரிஸ்து' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றியறிதல் என்பதே பொருள். நம் ஆண்டவர் அப்பத்தைக் கையிலெடுத்து நன்றி செலுத்தியது எந்த இரவில்? தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலன்றோ! எல்லாவற்றையும் இழக்கப்போகும் வேளையில் அவர் நன்றி கூறினார். நற்கருணைப் பீடத்திலிருந்து நம் வீட்டு அடுப்படி வெகு தொலைவில் இல்லை.

அன்புத் தாய்மாரே, தந்தையரே! கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்குகின்றது. நம் இல்லங்களில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் காலம் வருகின்றது. அந்தப் பாகின் பதத்தை நீரில் ஒரு துளி விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துச் சொல்லும் பாட்டி இன்னும் உங்கள் வீட்டில் இருக்கின்றாரா? இவ்வாண்டு உங்கள் மகளை மட்டுமன்று, மகனையும் அவர் அருகே நிறுத்துங்கள். அதிரசம் விரிந்து போனாலும் கோபிக்க வேண்டாம். அதனை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், அந்நாளில் வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கேளுங்கள். முதலில் சுட்டதை, இவ்வாண்டு துக்கம் கண்ட ஒரு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் தந்தையாகிய இறைவன், உங்கள் அடுப்படியையும் அதில் பணிசெய்யும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக!