பனிச் சாலையில் பின்சக்கரங்கள்

முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களும் நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் வாகனங்களும் மலிந்துவிட்ட இந்நாளில், பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் ஒரு காரை மொன்றியலின் குளிர்காலம் முழுவதும் ஓட்டிவருகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் திகைத்துப் போகிறார்கள். அதில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறது என்று தெரிந்தவுடனே, அப்படியானால் பயமில்லை என்று ஆறுதல் அடைகிறார்கள். அந்தத் திகைப்பு அவசியமற்றது. அந்த ஆறுதலோ அபாயகரமானது என்பது என் அபிப்பிராயம். திகைப்புக்குப் பதில் சுவீடனில் இருக்கிறது. வால்வோ நிறுவனத்தார் 240 என்னும் பின்சக்கரக் காரை 1974 முதல் 1993 வரை செய்து விற்றார்கள். உறைபனியிலும் இருட்டிலும் அந்நாட்டு ஜனங்கள் அதிலேதான் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறுதலைப் பற்றித்தான் சற்று விஸ்தாரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும் என்பதற்காக ஏற்பட்டதே டிஃபரன்ஷியல். பிரான்ஸ் தேசத்து பெக்கர், நீராவி வண்டிக்காக 1827-லேயே இதை அமைத்துவிட்டார். இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுப்பது இதன் சுபாவம். காய்ந்த தரையில் இது நியாயமாகவே நடந்துகொள்ளும். ஆனால் ஒரு சக்கரம் பனிக்கட்டியின் மேல் நின்றுவிட்டால், அதைச் சுழற்றிவிட எவ்வளவு அற்ப விசை போதுமோ அவ்வளவுதான் மற்ற சக்கரத்துக்கும் கிடைக்கும்.

மொன்றியலில் தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கும் கோட்-டெ-நேஜ் பகுதியில், மலையேறும் சாலையின் சிக்னலில் நின்று புறப்பட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முன்னே நின்ற கார்களின் டயர்கள் உரசி உரசி, அந்த இடத்துப் பனியைக் கண்ணாடிபோல் மெருகேற்றி வைத்திருக்கும். பச்சை விளக்கு விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், ஓரத்துச் சக்கரம் சீறிக்கொண்டு சுழலும், உப்புத் தூவிய ஈரத் தரையில் நிற்கும் மற்ற சக்கரமோ அசையாது. அந்த நிமிஷத்தில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலின் அருமை தெரியும். ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் ஒற்றைச் சக்கரம் வீணே சுழன்று டயரைத் தேய்ப்பதைக் கண்டு, 1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்.எஃப். நிறுவனத்திடம் கேட்டுச் செய்வித்த ஏற்பாட்டின் சந்ததி இது. கிளட்ச் தட்டுகளாலோ, பிசுபிசுத்த சிலிகான் திரவத்தாலோ, டோர்சன் என்று பெயர் பெற்ற திருகுப் பற்சக்கரங்களாலோ, எப்படியாயினும் பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக விசையை அனுப்புவதே இதன் காரியம். என் கார் டோர்சன் வகை. பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப் போலச் சில மடங்கு மற்றதற்குக் கொடுக்கும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யமே. அப்போது கைபிரேக்கை இலேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு விசை கொடுத்தால், சுழலும் சக்கரத்துக்கு ஓர் எதிர்ப்பு ஏற்பட்டு, மற்ற சக்கரம் உயிர்பெறும்.

புறப்படுவதற்கு இவ்வளவு உபகாரம் செய்யும் இந்த யந்திரம், ஓடும்போது ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. டயரின் பிடிப்பு மாதச் சம்பளத்தைப் போல அளவானது. முன்னே தள்ளுவதிலேயே முழுவதையும் செலவழித்துவிட்டால், பக்கவாட்டில் தாங்குவதற்கு மிச்சமிராது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும், மற்றது சுழலாமல் உருண்டுகொண்டே காரின் பின்புறத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும். நாம் சபித்த அந்தச் சோம்பேறிச் சக்கரம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. லிமிடெட் ஸ்லிப்பிலோ இரண்டும் சேர்ந்தே பிடிப்பை இழக்கும். இழந்த மாத்திரத்தில் பின்புறம் பக்கவாட்டில் விலகும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தியிருப்பார்களல்லவா, அந்தச் சொற்பச் சரிவே போதும், நேர்ச்சாலையிலும் காரின் வால் நடைபாதையோரமாக இறங்கத் தொடங்கிவிடும்.

ஆகவே வலது பாதம் மிருதுவாக இருக்க வேண்டும். இரண்டாம் கியரில் புறப்படுவது நல்லது. பின்புறம் விலகும்போது பிரேக்கை அழுத்தாமல், ஆக்ஸிலரேட்டரை வெடுக்கென்று விட்டுவிடாமல், மெல்லத் தளர்த்தி, போகவேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். வெடுக்கென்று விட்டாலும், கியரைத் திடுமெனக் குறைத்தாலும், எஞ்சினின் தடை முழுவதும் பின்சக்கரங்களின்மேல் விழுந்து அவை வழுக்கும். தற்காலத்துக் கார்களில் இந்தத் தடுமாற்றத்தைக் கணினியே கவனித்து ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் போடுகிறது. என் கார் பழையது, அந்த வசதி அதில் இல்லை. நிறுத்தும் விஷயத்தில் டிஃபரன்ஷியல் ஒரு துளியும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுகமாகப் புறப்பட முடிந்தவன், அதே சுகத்தில் நிற்கவும் முடியும் என்று நம்புவதுதான் இதனால் விளையும் பெரிய கேடு.

டிஃபரன்ஷியலைவிட டயர் முக்கியம். எங்கள் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை நான்கு சக்கரங்களிலும் அது இருந்தாக வேண்டும். ஏழு பாகைக்குக் கீழே வெப்பம் இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துவிடும், குளிர்கால டயரோ இளகியே இருக்கும். நல்ல டயரும் சாதாரண டிஃபரன்ஷியலும் உள்ள காரையும், கோடை டயரும் லிமிடெட் ஸ்லிப்பும் உள்ள காரையும் முன்னே நிறுத்தி எது வேண்டும் என்று கேட்டால், ஒரு கணமும் யோசியாமல் முதலாவதில் ஏறிக்கொள்வேன்.

பின்புறத்துக்குப் பாரம் வேண்டும் என்று டிக்கியில் மணல் மூட்டை வைக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அதை டிக்கியின் கோடியில் போட்டால், முன்சக்கரங்களின் பாரம் குறைவதோடு, வால் வீசத் தொடங்கும்போது வீச்சும் பலமாகும். கூடியவரை பின் அச்சுக்கு மேலாக, நகராதபடி கட்டிவைக்க வேண்டும். பனி அகற்றும் வண்டி வாசலில் குவித்துப்போன கட்டியில் கார் சிக்கிக்கொண்டால், அதே மூட்டையைப் பிரித்து இரண்டு கை மணலைச் சக்கரத்தடியில் தூவலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்கு முன்பே தூவினால் பலன் அதிகம்.