கொட்டிவிடும் தண்ணீரில் இருக்கிறது காசு

நண்பர்களே, மலைக்குப் படியேறுகிற ஊர்க்காரனுக்குக் கடல் பற்றி என்னடா பேச்சு என்று கேட்பீர்கள். ஆடிக் கிருத்திகைக்கு அடிவாரத்தில் வாங்கித் தின்கிறோமே ஐஸ்கிரீம், சிலவற்றின் கவரில் 401 என்று ஓர் எண் இருக்கும். அது சோடியம் ஆல்ஜினேட். ரியாக்டிவ் சாயத்தில் துணிக்குப் பிரிண்ட் போடுகிறவர்கள் சாயம் கெட்டியாகக் கலப்பதும் அதைத்தான். எல்லாம் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது.

நம் மாநிலத்தில் அந்தப் பாசி மன்னார் வளைகுடாவில் விளைகிறது. புத்தகத்தில் சர்காசம், டர்பினேரியா. அங்குள்ளவர்கள் வாயில் கட்டக்கோரை, பக்கோடா பாசி. பாம்பன் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கிறார்கள். 1986ல் அங்குள்ள தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு பயந்து பயந்துதான் தொழில். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. பெருமைதான். ஆனால் காயவைத்த பாசியைக் கிலோ கணக்கில் வியாபாரியிடம் போடுவதோடு இவர்கள் வரவு முடிந்துவிடுகிறது. எங்கம்மா தார் சுற்றிக் கூலி வாங்குகிற கதையேதான். அந்தச் சேலை கடையில் என்ன விலை போகிறது என்று எங்கம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் அந்தப் பாசியை என்னதான் செய்கிறார்கள்? கழுவி, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிடுகிறார்கள். பிறகு சோடியம் கார்பனேட் கரைசலில் சூடாக்கினால் ஆல்ஜினேட் கரைந்து கூழாகிறது. வடிகட்டி, கால்சியம் குளோரைடோ அமிலமோ விட்டால் திரிந்து நிற்கும். இதில் எந்த வேலை நமக்குத் தெரியாதது? பி.எச். பார்ப்பது, வடிகட்டுவது, உலர்த்துவது, பம்பும் பாய்லரும் பார்த்துக்கொள்வது. முழுக்க டிப்ளமாக்காரன் வேலை!

என் வயிற்றெரிச்சல் அந்த முதல் அமிலத் தண்ணீர் பற்றி. சும்மா சாக்கடையில் விட்டால் ஃபியூகாய்டனும் அதோடு போகிறது. 1913லேயே சுவீடனில் கைலின் என்பவர் பிரித்தெடுத்த சர்க்கரைப் பொருள் அது, கந்தகம் சேர்ந்தது. ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது என்று சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறார்கள். அந்த நீரில் கால்சியம் குளோரைடு விட்டு மிச்ச ஆல்ஜினேட்டை நீக்கி, ஆல்கஹால் ஊற்றினால் ஃபியூகாய்டன் கீழே படியும். ஒரே பாசியில் இரண்டு சரக்கு. அவசரப்பட்டு இதைப் புற்றுநோய் மருந்து என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். சோதனைக் குழாய் வேறு, மனுஷ உடம்பு வேறு.

1971 வரை மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்து பிறகு கொச்சிக்குப் போன மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கடற்பாசிச் சாற்றில் சர்க்கரை நோய்க்கென்று காப்ஸ்யூலே தயாரித்திருக்கிறது. கேப்ஸ்யூல் வரைக்கும் போக நம்மால் ஆகாது. ஆனால் பாசி காய்கிற கடற்கரையிலேயே சின்னதாக ஒரு ஆலை, அதில் பறிக்கிற பெண்களே பங்குதாரர், நாம் ஆபரேட்டர் என்றால் ஆகாதா? ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023ல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் வேலைக்குப் போகிறவன் முதலில் கற்க வேண்டியது அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் இருக்கத்தான்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுக்க நான் தயார். பீக்கர், வடிதாள் எல்லாம் லேபில் இருக்கிறது. பாம்பன் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர் யாராவது இரண்டு கிலோ காய்ந்த கட்டக்கோரைக்கு வழி சொல்லுங்கள். அந்தப் பெண்களிடமே விலை கொடுத்து வாங்குவோம், பேரம் பேசாமல்.