கற்பூரம் சொல்லும் சாக்கு

கடலூருக்கு அருகே கடலில் தீவுக்கூட்டம் ஏதுமில்லை; நிலத்தில் உண்டு. பாகூர், நெட்டப்பாக்கம், திருக்கனூர் எனப் புதுச்சேரியின் நிலம் தமிழக ஊர்களிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. தெற்கே காரைக்கால் மற்றொரு தீவு. இடையே சிதம்பரம். பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற இந்த எல்லைக் கோடுகளை 1954-ஆம் ஆண்டின் இணைப்பும் அழிக்கவில்லை. கோட்டின் இப்பக்கம் ஒரு வரி, அப்பக்கம் ஒரு வரி. அந்த வேறுபாட்டின்மீது ஒரு மது வாணிகமே நிற்கிறது.

"புதுச்சேரிதான் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று கடலூரிலும் சிதம்பரத்திலும் பேசுகிறோம். இப்பேச்சு பாதி உண்மையே. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அது இல்லை. அன்றே தொடங்கிற்று இந்தப் பிணைப்பு. ஆனால் 1971-இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது கூறப்பட்ட காரணம் என்ன? சுற்றிலும் நெருப்பு எரிகையில் நடுவிலுள்ள கற்பூரம் எரியாதிருக்குமா என்பதே. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது; 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது; 2024-25-இல் மதுவினால் அரசு பெற்ற வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். கற்பூரம் இப்படிக் கொழித்து நாம் எங்கும் கண்டதில்லை!

புதுச்சேரிக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி அங்குள்ள மக்கள் ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம். அவர்கள் மட்டுமே குடித்து அத்தனை கடைகளையும் வாழ வைக்கிறார்களா? கன்னியக்கோயில் கடைகளின் முன் நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணே விடை சொல்லும். நம் உழவுக் கூலியும் மீன்பிடிக் கூலியும் முள்ளோடையைத் தாண்டி அந்த அரசின் கருவூலத்தில் விழுகின்றன. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பிடிபடுகிறவனோ நாலு புட்டி மறைத்து வந்த கூலித் தொழிலாளி.

இதனைத் தடுக்க இயலாதா? 2020 மே 25 அன்று, ஊரடங்குக்குப்பின் புதுச்சேரியில் கடைகள் திறந்தபோது, தமிழகத்தார் திரண்டு வராதிருக்கச் சிறப்பு வரி விதித்து, விலையைத் தமிழக விலைக்கு இணையாக்கினார்கள். பூட்டு அவர்கள் கையிலேயே இருந்தது. நோய் பரவும் என்றதும் பூட்டத் தெரிந்தது. குடும்பங்கள் சிதைவதற்காகப் பூட்டத் தெரியவில்லை. அவ்வரி பின்னர் நீக்கப்பட்டது.

மலிவு மது இல்லையேல் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்கள். 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர். அன்று டாஸ்மாக் திறந்திருந்தது. புதுச்சேரிக் கடைகளும் திறந்திருந்தன. எவரைக் காத்தன?

கானாவூரில் ஆண்டவரே திராட்சை இரசம் தந்தாரே என்று நம்மிடம் வாதிடும் அன்பர்களும் உண்டு. அந்த விருந்துக்காக எவரும் மனைவியின் தாலியை அடகு வைக்கவில்லை.

புதுவையும் கடலூரும் நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரிலேயே இணைந்து நிற்கின்றன. அக்கரையில் கடையில் கூலி பெறுபவனும் நம் பங்கு மக்கள். இக்கரையில் கைம்பெண்ணானவளும் நம் பங்கு மக்கள். ஆதலால் ஒருபுறத்தை மட்டும் பழிக்க நமக்கு உரிமையில்லை. பங்குத் திருவிழா மலரில் மதுக்கடை விளம்பரம் வேண்டாம் என்று பங்குப் பேரவைகள் இவ்வாண்டே தீர்மானிக்கட்டும். இரு அரசுகளும் ஒரே வரி, ஒரே விலை வைக்குமாறு ஒரு மனு எழுதுவோம். இருபுறத்துப் பங்குகளும் அதில் கையொப்பமிடட்டும். ஒரு படி புதுச்சேரிச் சட்டப்பேரவைக்கு, மற்றொன்று சென்னைக் கோட்டைக்கு.