இரவல் குறைந்தால் குரல் எட்டும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சித்தூரும் கொழிஞ்சாம்பாறையும், தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அப்பகுதிகளில் தமிழ்வழியிற் பயிலும் பிள்ளைகள் இன்றும் உளர். அவர்களுக்கெனக் கேரள அரசு தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. பள்ளிக் கணினிகளுக்குக் கைட் நிறுவனம் வழங்கும் இயங்குதளமோ குனு/லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். இரண்டும் போற்றத்தக்கவையே.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. கண்பார்வையற்ற பிள்ளை ஒன்று அக்கணினியின் முன் அமர்ந்தால், அது தமிழைப் படித்துக் காட்டுமா? இணையம் எட்டாத மலைச்சரிவிலும் படிக்குமா? நகரத்துக் கல்லூரி வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கணினியிலும் படிக்குமா? இதற்கு விடை குரலின் இனிமையைப் பொறுத்ததன்று. அக்குரலைத் தரும் மென்பொருள் எத்தனை இரவல்களை நம்பி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நிரல் எழுதப் பழகும் நம் மாணவத் தோழர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஒலி மென்பொருள் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. எம்பி3 கோப்பை விரிக்க ஒன்று, பேச்சின் வேகத்தை மாற்ற ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒலியை அனுப்ப ஒன்று எனப் பிறர் எழுதி வைத்த லைப்ரரிகளை எடுத்தாளுகின்றனர். அது குற்றமன்று. ஆனால் ஒரு லைப்ரரி மற்றொன்றைக் கேட்கும். அது மூன்றாவதைக் கேட்கும். அதிலும் இன்ன பதிப்புத்தான் வேண்டுமென்று கேட்கும். ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும். ஒலித்துறையில் இத்தொல்லை பெரிது. லினக்ஸில் ஆல்சா, பல்ஸ் ஆடியோ, பைப்வயர் எனப் பல வழிகள். விண்டோஸுக்கு வேறு வழி. மேக் கணினிக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வெவ்வேறு வழிகள். ஓரிடத்திற் பாடும் மென்பொருள் மற்றோரிடத்தில் ஊமையாகிவிடுவது இதனாலேயே.

இதனை வென்ற மென்பொருள் ஒன்றைச் சொல்கிறேன். ஜோனதன் டடிங்டன் என்பவர் 1995இல் ஏகார்ன் கணினிக்கென ஒரு பேச்சு நிரல் எழுதினார். அதுவே வளர்ந்து ஈஸ்பீக் ஆயிற்று; 2015இன் இறுதியில் அதிலிருந்து ஈஸ்பீக் என்ஜி கிளைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசும். தமிழும் அவற்றுள் ஒன்று. மொழித் தரவுகளையும் சேர்த்து அதன் அளவு சில மெகாபைட்டுகளே. மனிதக் குரலில் சொற்களைப் பதிந்து வைக்காமல், பெரும்பாலும் ஒலியைக் கணக்கிட்டே உண்டாக்குவதால் இச்சிறுமை வாய்த்தது. ஒலிபெருக்கிக்கு அனுப்ப ஒரு லைப்ரரியை அது நாடும். அது கிடைக்காவிட்டால், பேச்சை வேவ் கோப்பாக எழுதித் தரும். பேச்சை விரைவாக்க மற்றொன்றை நாடும்; அது இல்லாவிடினும் இயங்கும். இருந்தால் நன்று, இல்லையேல் கேடில்லை என்னும் இந்த அமைப்பினால்தான் அது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் குடியேற முடிந்தது.

பேச்சை எழுத்தாக்கும் துறையிலும் இதைக் காண்கிறோம். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் விஸ்பரை வெளியிட்டது. தமிழும் அதற்குத் தெரியும். ஆனால் அதனை இயக்கப் பைத்தான் வேண்டும், பைடார்ச் வேண்டும், எஃப்எஃப்எம்பெக் வேண்டும். அவ்வாண்டே பல்கேரியாவைச் சேர்ந்த கியோர்கி கெர்கனோவ் அதனைச் சி, சி++ மொழிகளில் எழுதி, இந்த மூன்றும் இல்லாமலே இயங்கச் செய்தார். கைப்பேசியிலும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியிலும் அது ஓடியது. விலை இல்லாமல் இல்லை: தொடக்கத்தில் வேவ் கோப்பு ஒன்றையே அது ஏற்றது, பிற கோப்புகளைப் பயனரே மாற்றித் தர வேண்டியிருந்தது. அந்த விலை தகும் என்பது என் துணிபு.

“பிறர் செய்து வைத்ததை மறுபடி ஏன் செய்ய வேண்டும்? நாமே எழுதினால் பிழை மலியாதா?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. இரவல் வாங்கிய லைப்ரரியின் பிரதியை மென்பொருளின் வயிற்றுக்குள் வைத்துக்கொள்வோரும் உண்டு. அது குறைத்தல் அன்று; மறைத்தல். 2023 செப்டம்பரில் படங்களைக் கையாளும் லிப்வெப்பி லைப்ரரியில் ஓட்டை கண்டபோது, தனிப் பிரதி வைத்திருந்த ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியே திருத்த வேண்டியதாயிற்று. மறுபுறம், 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் லைப்ரரியில் ஒருவர் சூழ்ச்சியாக வைத்த திருட்டு வழி வெளிப்பட்டது. அதன் இலக்கு ஓப்பன்எஸ்எஸ்எச். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. சில லினக்ஸ் வெளியீடுகளில் இடையில் நின்ற வேறொரு லைப்ரரி அதனை உடன் அழைத்து வந்தது! வேண்டாத இரவல் வீட்டுக்குள் கள்வனையும் கொண்டுவரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே அளவறிந்து இரவல் வாங்குவோம். வேவ் கோப்பைப் படிப்பது எளிது. அதற்கு லைப்ரரி எதற்கு? நாமே எழுதலாம். எம்பி3, ஓப்பஸ் போன்றவற்றை விரிப்பது கடினம். அவற்றுக்கு இரவல் வாங்குவோம், ஆனால் அவை இல்லாவிட்டாலும் மென்பொருள் எழுந்து நிற்கட்டும். இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்படைக்கும் முன் இணையத்தைத் துண்டித்து, பழைய கணினி ஒன்றில் இயக்கிப் பாருங்கள். அங்கு இயங்காதது மலைச்சரிவுப் பள்ளியிலும் இயங்காது.

தமிழிலக்கியம் பயிலும் தோழர்களுக்கும் இதிற் பங்குண்டு. ஈஸ்பீக்கின் தமிழ் உச்சரிப்பு விதிகள் சாதாரண எழுத்துக் கோப்பாகவே உள்ளன. திறந்து படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். சி மொழி தெரிய வேண்டியதில்லை. ‘கடல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ககரம் எவ்வாறு வேறுபட்டு ஒலிக்கிறது என்பது தெரிந்தாற் போதும். அக்குரலின் இயந்திரத் தன்மையை அதனால் முற்றும் போக்கிவிட முடியாதுதான். ஆனால் பிழையின்றிப் பேச வைக்க முடியும். சித்தூரிலும் தேவிகுளத்திலும் பாடத்தைச் செவியால் மட்டுமே கற்க வேண்டிய பிள்ளைக்கு, இனிமைக்கு முன் வேண்டுவது அதுவன்றோ?