காளைக்குச் சோதனை, காளையர்க்கு வேதனை!

திருக்கோகர்ணத்தில் சென்ற வாரம் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கினோம். மாலை போட வந்தவர்கள் போனார்கள். கைகுலுக்க வந்தவர்கள் கலைந்தார்கள். மூட்டை தூக்கிப் பிழைக்கும் தோழர் ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். மடியை அவிழ்த்து ஒரு காலிச் சீசாவை நம் கையில் வைத்தார்.

“அண்ணே, மகன் பாய்க்கு அடியிலே கிடந்தது. மூணு மாசத்திலே மார்பு விரிஞ்சுது, தோள் திரண்டுது. கண்ணு பட்டுடும்னு அவன் ஆத்தா சுத்திப் போட்டா. இப்போ முகமெல்லாம் பரு. தொட்டதுக்கெல்லாம் கோபம். தங்கச்சியைக் கை நீட்டி அடிக்கிறான். இது என்ன மருந்துண்ணே?”

விளக்கடியில் பிடித்துப் படித்தோம். நாண்ட்ரோலோன் என்றிருந்தது. பையனுக்கு வயது 17. ஓட்டத்தில் பதக்கம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம் பெற்று, தகப்பன் முதுகிலிருந்து மூட்டையை இறக்க வேண்டும் என்பது அவன் கனவு. கனவு உயர்ந்தது. அந்தக் கனவுக்கு ஊசி ஏற்றியவன்தான் கயவன்!

என்ன பொருள் இது? ஆணின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்பதை 1935-இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள் விஞ்ஞானிகள். அதன் வழியில் வந்தவைதான் நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலோல் முதலிய ‘அனபாலிக் ஸ்டீராய்டு’கள். நோயால் உடல் உருகியவர்க்கும், அந்தச் சுரப்பே குறைந்தவர்க்கும் மருத்துவர் அளந்து கொடுப்பார், அது வைத்தியம். ஆஸ்துமாக்காரருக்குத் தரும் ஸ்டீராய்டு வேறு வகை; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நோயற்ற இளைஞனுக்கு, மருத்துவர் தரும் அளவைப் பலமடங்கு மீறி, சீட்டுமில்லாமல் ஏற்றுகிறார்களே, அது வைத்தியமல்ல; வஞ்சகம்!

சதை வளரும், மறுக்கவில்லை. சதையோடு இதயத்தின் சுவரும் தடிக்கும். நல்ல கொழுப்பு குறையும், கெட்ட கொழுப்பு ஏறும், இரத்தம் குழம்பாகும். முப்பது வயதுக்காரன் மாரடைப்பில் சாய்வதற்கு வேறென்ன வேண்டும்? மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் கெடும், கட்டியும் வரலாம். வெளியிலிருந்து சுரப்பு வந்து குவியக் கண்ட உடல், தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், ஆண்மகனுக்கு மார்பகம் வளரும். ஆண்மைக்கென்று போட்ட ஊசி ஆண்மையையே அரிக்கிறது! பெண்கள் போட்டால் மாதவிலக்கு தடுமாறும். முகத்தில் மயிர் முளைக்கும். குரல் தடித்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. வளரும் பிள்ளைக்கோ எலும்பின் முனைகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும்; உயர வேண்டியவன் உயராமலே நிற்பான். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் கூடவே வரும். ஊசி இருக்கும்வரை முரட்டுக் கோபம். நிறுத்தியதும் ஆழ்ந்த சோர்வு. தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோய்விடும் சோர்வு அது.

இது ஏதோ சீமைக்கதை அல்ல, தோழர்களே! புதுக்கோட்டைக்குப் பக்கத்துச் சீமையாம் திருச்சி, அதன் முடிகண்டம் கிராமத்து உழைப்பாளி வீட்டு மகள் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். நாடே கொண்டாடியது. கட்சிகள் போட்டி போட்டுப் பரிசளித்தன. நாமும்தான் கைதட்டினோம். பிறகு வந்தது சோதனை முடிவு. நாண்ட்ரோலோனின் தடயம்! தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். தங்கம் பறிக்கப்பட்டது. நான்காண்டுத் தடை விழுந்தது.

அதே தடயம் தோகாவில் மட்டுமா? அதற்கு முன்பே, 2019 மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் இருந்தது. அந்தச் சோதனை அவரை விமானம் ஏறுமுன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் உலகத்தார் முன் தலைகுனிவு ஏது? கைதட்டிய நாமாவது, ‘மாதிரி எடுத்தவர்கள் எங்கே தூங்கினார்கள்?’ என்று கேட்டோமா? இல்லை. பத்திரிகைகளில் வந்ததெல்லாம் ஒரு பெண்ணின் படம். ஒரு பெண்ணின் பெயர்.

நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜனை மறந்துவிட்டோமா? அவர் எந்த ஊசியும் போட்டுச் சிக்கியவரல்லர். 2006-இல் ஆசிய விளையாட்டில் வென்ற வெள்ளியை, பாலினச் சோதனை என்ற பெயரால் பறித்தார்கள். செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள் என்றால் தண்டிக்கும் கை எவ்வளவு வேகமாக நீளுகிறது! காக்க வேண்டிய கை மட்டும் ஏன் நீளவில்லை?

கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். 1974 முதல் அரசாங்கமே இரகசியத் திட்டம் போட்டு வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. சின்னஞ்சிறு பெண்களிடம் ‘வைட்டமின்’ என்று சொல்லியும் விழுங்க வைத்தது. பதக்கம் குவிந்தது, உடல்கள் பாழாயின. ஆனால் அங்கே 2000-ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றக் கூண்டில் நின்றது யார்? விழுங்கிய சிறுமியர் அல்லர். விளையாட்டுத் துறைத் தலைவன் எவால்டும், மருத்துவன் ஹோப்னரும்! இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சிறைவாசம் நிறுத்திவைக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் குற்றம் எவன் தலையில் என்பதை உலகம் அறிந்தது.

இங்கே? 2024-இல் இந்திய முகமை எடுத்த 7,113 மாதிரிகளில் 260-இல் தடைசெய்யப்பட்ட மருந்துகள் இருந்தன என்கிறது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. வீரர்களுக்கு 260 தலைகுனிவு. வாங்கிக் கொடுத்தவன், விற்றவன், ‘இது இல்லாமல் ஜெயிக்க முடியாது’ என்று காதில் ஓதியவன், இவர்களில் எத்தனை பேர் தலை குனிந்தார்கள்? பயிற்சியாளனையும் தண்டிக்க விதிப்புத்தகத்தில் இடமுண்டு. புத்தகத்தில் உண்டு!

சல்லிக்கட்டுக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. வாடிவாசலுக்கு வருமுன் காளையைக் கால்நடை மருத்துவர் பார்க்கிறார். போதை கொடுத்திருக்கிறார்களா என்று சோதிக்கிறார். நன்று, பாராட்டுகிறோம். மாட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு, உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி ஏற்றிக்கொள்ளும் நம் வீட்டுக் காளைக்கு உண்டா?

எனவே கேட்கிறோம். மருத்துவர் சீட்டில்லாமல் இந்த மருந்தை விற்கும் கடைக்கும், விற்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் மருந்து ஆய்வாளர் போகட்டும். ஒரு வீரர் சிக்கினால், முதல் விசாரணை அவருடைய பயிற்சியாளரிடம் தொடங்கட்டும். சோதனை முடிவு, விமானம் ஏறுமுன் வந்து சேரட்டும். விளையாட்டு விடுதியில் பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் பருப்பும் வயிறார விழட்டும். பசித்த வயிற்றிடம்தானே, ‘ஊசி போட்டால் போதும்’ என்று ஏய்க்க முடிகிறது!

தோழர்களே, நமக்கும் வேலை உண்டு. உங்கள் தெருவிலுள்ள பயிற்சிக் கூடத்துக்குள் ஒருநாள் எட்டிப் பாருங்கள். மகன் சீக்கிரம் பருத்தால் பூரிக்காதீர்கள், கேளுங்கள். அடித்துக் கேட்காதீர்கள், அணைத்துக் கேளுங்கள்.

அந்தத் தோழரிடமும் அதையே சொன்னோம்: “பையனைத் திட்டாதீர்கள். நாளைக் காலை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சீசாவை எறியாமல் எடுத்துப் போங்கள். மருத்துவர் பார்க்க வேண்டும்.”

தலையாட்டிவிட்டு நடந்தார். நாலடி போனவர் திரும்பினார்.

“கொடுத்தவனை யாருண்ணே அழைச்சுக்கிட்டுப் போவாங்க?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள், டில்லியிலும் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் நாம்!