பின்னே கிடக்கும் ஓடுபாதை

ஆகாய விமானத்தின் இயந்திரம் நின்றுவிட்டால் அது கல்லைப்போல் நிலத்தில் வீழ்ந்துவிடும் என நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. விமானத்தைத் தாங்குவது இறக்கையைத் தழுவிப் பாயும் காற்று. அப்பாய்ச்சலுக்கு வேண்டிய வேகத்தைத் தருவதே இயந்திரத்தின் தொழில். அது ஓய்ந்தபின்னும் விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால், உயரத்தைச் செலவிட்டு வேகத்தைப் பெறலாம். ஸெஸ்னா 172 என்னும் சிறு விமானம் 1,000 அடி உயரத்திலிருந்து ஒன்றரை மைலுக்குச் சறுக்கிச் செல்ல வல்லது.

அங்ஙனமாயின் ஆபத்து எங்கே உளது? புறப்பட்ட முதற் சில கணங்களிலே உளது. அப்போது உயரம் சொற்பம். மூக்கு மேல்நோக்கி இருப்பதால் வேகமும் விரைந்து குன்றும். அவ்வேளையில் விமானியின் மனம் நாடுவது சற்றுமுன் விட்டுவந்த ஓடுபாதையையே. திரும்பினால் தப்பலாம் எனத் தோன்றும். பலரைக் கொன்றது அந்தத் திருப்பந்தான்.

காரணத்தை மாணவர் எளிதில் உணரலாம். சாய்ந்து திரும்பும்போது இறக்கையின் தாங்குவிசையில் ஒரு பகுதி விமானத்தைப் பக்கவாட்டில் இழுப்பதிற் செலவாகும். ஆகவே, விழாதிருக்க வேண்டிய மிகக் குறைந்த வேகம் 45 பாகைச் சாய்வில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கூடும். 60 பாகையில் ஐந்தில் இரண்டு பங்கு கூடும். கூட்டித்தர இயந்திரமோ இல்லை. அரைவட்டம் திரும்பினாலும் போதாது. அது முடியும்போது விமானம் ஓடுபாதைக்கு ஒரு பக்கமாக விலகி நிற்குமாதலால், இன்னும் வளைந்தே நேர்ப்பட வேண்டும். எதிர்க்காற்றில் எழுந்தது பின்காற்றில் இறங்குவதால், நிலத்தைத் தொடும் வேகமும் மிகும்.

2015 மார்ச் 5 ஆந் திகதி, கலிபோர்னியாவிலுள்ள சாந்தா மோனிக்கா விமான நிலையத்திலிருந்து திரைப்பட நடிகர் ஹரிசன் போர்ட் தனியே புறப்பட்டார். வயது 72. அவர் செலுத்தியது ரையன் பி.ரி. 22 என்னும், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பயிற்சி விமானம். சிறிது நேரத்தில் இயந்திரம் விசையிழந்தது. அவரும் திரும்பவே தொடங்கினார். ஆயினும் ஓடுபாதையை எட்ட இயலாது என உணர்ந்ததும் அதை விட்டுவிட்டு, அண்மையிலிருந்த கொல்ப் மைதானத்தை நாடினார். அங்கே மரமொன்றின் உச்சியில் மோதி விமானம் வீழ்ந்தது. பலத்த காயத்தோடு அவர் உயிர் தப்பினார். முடிவை மாற்றிய அந்தத் துணிவையே நான் பெரிதாக மதிக்கின்றேன்.

பழுதின் காரணம் மிகச் சிறியது. காபரேற்றரில் பெற்றோலை அளந்துவிடும் சிறு துளைக்குழல் ஒன்று திருகு கழன்று போயிருந்தது. அதனால் அளவுக்கு மிஞ்சிய பெற்றோல் பாய்ந்தது; எண்ணெய் மிகுந்து திரி மூழ்கினால் விளக்கு அணைவதில்லையா? அந்தக் காபரேற்றர் ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்கு முன் புதுக்கப்பட்டது. அதனை இடையிடையே சோதிக்க வேண்டுமெனப் பராமரிப்பு நூல் கூறவில்லை. தோட்பட்டி சரிவரப் பொருத்தப்படாதிருந்தமையே காயத்தைக் கடுமையாக்கியது என்றும் விசாரணையாளர் கண்டனர்.

எத்திருகு எப்பொழுது கழலும் என்பதை விமானி அறியார். ஆதலினாற்றான், ஓடத் தொடங்குமுன்பே, இன்ன உயரத்துக்குக் கீழ் இயந்திரம் ஓய்ந்தால் திரும்புவதில்லை, முன்னே தெரியும் இன்ன வெளியில் இறங்குவது என வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும்படி பயிற்சி ஆசிரியர்கள் மாணவரைப் பழக்குகின்றனர்.