பெட்டிக்குள் அடைபட்ட உழைப்பு

மேடையில் ஒரே ஒரு ஆள். டிரம் இல்லை, கித்தார் இல்லை, பின்னால் கோஷ்டியும் இல்லை. மேஜைமீது ஒரு சிறு பெட்டி. அதன் முகத்தில் நாலு வரிசையாகப் பதினாறு ரப்பர் கட்டைகள். அந்த ஆள் விரலால் தட்டுகிறான். கூடம் நிறைய முழக்கம் எழுகிறது. ஒரு மணி நேரம் இப்படியே நடக்கிறது. இதைச் சங்கீதம் என்று சொல்லிக் காசு வாங்குகிறார்களே, பொத்தான் அமுக்குவதெல்லாம் வித்தையா என்று நம் தோழர்களில் சிலரே கேட்கிறார்கள்.

கேள்வியில் தப்பில்லை. ஆனால் அது பாதிக் கேள்வி. அந்தப் பெட்டிக்குள் கிடப்பது யாருடைய உழைப்பு, அதன் பலன் யார் கைக்குப் போகிறது என்பது மறு பாதி. யந்திரத்தின் எதிரே நின்று வயிறு வளர்க்கிற நம் ஆலைத் தொழிலாளி இந்த மறு பாதியைக் கேட்காமல் விடலாமா?

முதலில் அந்த ஆளைப் பற்றிப் பேசிவிடுவோம். பெட்டியின் பெயர் சாம்ப்ளர். ஒலியைப் பிடித்து வைக்கிற யந்திரம். பழைய இசைத்தட்டிலிருந்து இரண்டு வினாடி, தெருச் சத்தத்திலிருந்து ஒரு வினாடி என்று பிடித்து, நறுக்கி, கட்டைக்கு ஒரு துண்டாக ஒப்படைத்துவிடலாம். தட்டினால் அந்தத் துண்டு ஒலிக்கும். தட்டியதை நினைவில் வைத்துக்கொண்டு யந்திரமே சுற்றிச் சுற்றி வாசிக்கவும் செய்யும். முழுப் பாட்டையும் வீட்டிலேயே கோத்து எடுத்து வந்து, மேடையில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காக வக்காலத்து வாங்க நாம் வரவில்லை.

ஒழுங்காக வாசிக்கிறவன் விஷயம் வேறு. அவன் முதலில் அடிமுழக்கத்தை மட்டும் தட்டிச் சுற்ற விடுகிறான். அதன்மேல் ஜால்ரா போன்ற ஒலியை ஏற்றுகிறான். பிறகு கனத்த சுரம். ஜனங்கள் ஆடத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சட்டென்று அடக்கி, ஒற்றைக் குரலை மட்டும் விடுகிறான். ஓடுகிற தாளத்தின்மேல் பத்து விரலாலும் புதுத் தாளம் தட்டுகிறான். ஸ்பின்னிங் பகுதியில் யந்திரத்தை நிறுத்தாமலே அறுந்த இழையைப் பிணைக்கிற கை இருக்கிறதே, அப்படிப்பட்ட கை இதற்கு வேண்டும். ஒரே பெட்டியோடு வருகிறவனுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டின் ஒலிகள் யந்திரத்தில் ஏறும்வரை கூடம் ஊமையாகிவிடும். பிளாப்பித் தகட்டிலிருந்து ஒலியை ஏற்றிய பழைய யந்திரங்களில் இந்தத் தாமதம் அதிகம். இரண்டாவது யந்திரம் உள்ளவன் அதை ஓடவிட்டுச் சமாளிப்பான். இல்லாதவன் என்ன செய்வான்? சில ஒலிகளை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு, மிச்சத்தைக் கைவேலையால் ஈடுகட்டுகிறான். இதை வித்தை இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இந்த வித்தை பிறந்ததும் சீமான்களின் சபையில் அல்ல. நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்கிற பகுதி. கறுப்பு மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்கிற ஏழைப் பகுதி. நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளினார்கள்; 1970களில் வீடு வீடாகத் தீப்பிடித்து எரிந்தது. அங்கே 1973 ஆகஸ்டு 11ல், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் கிளைவ் காம்பெல் - கூல் ஹெர்க் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும் - சகோதரியோடு சேர்ந்து ஒரு விருந்து நடத்தினான். இசைத்தட்டில் டிரம் மட்டும் ஒலிக்கிற சிறு இடத்தை இரண்டு யந்திரங்களை வைத்து மாற்றி மாற்றி நீட்டுகிற முறையை வளர்த்தவன் அவன்தான். சாம்ப்ளர் வந்தபோது அது அந்த வேலையை விரலுக்குக் கொண்டுவந்தது. 1979ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஃபேர்லைட் யந்திரத்தை வாங்க ஒரு வீட்டின் விலை வேண்டும். 1987ல் வந்த எஸ்.பி.1200, 1988ல் ரோஜர் லின் அகாய் கம்பெனிக்காக வடிவமைத்த எம்.பி.சி.60 ஆகியவையும் ஏழைக்கு மலிவல்ல. ஆனாலும் கூட்டாகச் சேர்ந்தால் எட்டிப் பிடிக்கலாம். எஸ்.பி.1200க்குள் அடங்கும் மொத்த ஒலி சுமார் பத்து வினாடிதான். பையன்கள் என்ன செய்தார்கள்? 33 வேகத் தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுப் பிடித்தார்கள். பிறகு யந்திரத்துக்குள்ளே மெதுவாக்கிக்கொண்டார்கள். இடம் மிச்சம். ஒலி சற்றுக் கரகரத்தது; அந்தக் கரகரப்பே பாணியாகிவிட்டது!

இனி மறு பாதி. 1969ல் வின்ஸ்டன்ஸ் என்ற கோஷ்டி ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கப் பாட்டில் கிரெகரி கோல்மன் என்ற டிரம்காரர் தனியாக வாசிக்கிற இடம் ஆறேழு வினாடி வரும். அந்த ஆறேழு வினாடியை உலகெங்கும் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். லண்டனில் அதை வைத்து ஒரு புது இசை வகையே எழுந்தது. கோல்மனுக்கு வந்தது என்ன? பூஜ்யம். 2006ல் வீடு வாசலில்லாத மனிதராக அவர் செத்துப்போனார். 2015ல் ரசிகர்கள் மனம் பொறுக்காமல் சுமார் 24,000 பவுன் வசூலித்து, கோஷ்டித் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்ஸரிடம் கொடுத்தார்கள். வாசித்த கை அப்போது மண்ணுக்குள் இருந்தது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். சட்டம் தூங்கவில்லை. அனுமதியின்றி எடுப்பது திருட்டு என்று 1991ல் நியூயார்க் நீதிபதி கடிந்துகொண்டார். 2005ல் இன்னொரு அமெரிக்க நீதிமன்றம், இரண்டு வினாடி எடுத்தாலும் லைசென்ஸ் வேண்டும் என்றது. வழக்காடியது உரிமைப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த கம்பெனி, வாசித்தவன் அல்ல. ஆறு வினாடி டிரம் வாசிக்கிறவன் சட்டத்தின் கண்ணில் பாட்டு இயற்றியவன் ஆகமாட்டான். ஆகவே பணம் வசூலானாலும் கூலிக்காரனுக்கு இல்லை. பணமில்லாத சேரிப் பையனோ அனுமதி வாங்க முடியாமல் ஒதுங்கினான். வேலி போட்டார்கள், மேய்ந்தது யார் என்று பாருங்கள்.

பெட்டியை உடைத்துவிடலாமா? லண்டன் இசைக் கலைஞர் சங்கத்தின் ஒரு கிளை 1982ல் சிந்தசைசருக்கும் டிரம் யந்திரத்துக்கும் தடை கோரித் தீர்மானம் போட்டது. அவர்கள் வயிற்றெரிச்சல் நமக்குப் புரிகிறது. ஆனால் தீர்மானத்தைக் கேட்டு யந்திரம் நிற்கவில்லை. அதற்கு நாற்பது ஆண்டு முன்பே அமெரிக்க இசைத் தொழிலாளர்கள் இதைவிட நல்ல வழி காட்டினார்கள். 1942 ஆகஸ்டு 1 முதல் இசைத்தட்டுப் பதிவுக்குப் போகமாட்டோம் என்று நின்றார்கள். யுத்த காலம், ஜனாதிபதி ரூஸ்வெல்டே வேலைக்குத் திரும்பச் சொன்னார், சங்கத் தலைவர் பெட்ரில்லோ மறுத்துவிட்டார். 1944 நவம்பரில் பெரிய கம்பெனிகள் இறங்கி வந்தன. விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து வேலையில்லாக் கலைஞர்களுக்குக் கூலி கொடுத்து, ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி. தட்டுக்குள் அடைபட்ட உழைப்பு வெளியே நிற்கிறவனுக்குச் சோறு போட்டது!

நம் ஊரும் இதற்குத் தூரமில்லை. சென்னைப் பதிவுக் கூடங்களில் ஒரு காலத்தில் பிடிலும் செல்லோவுமாக வாத்தியக்காரர்கள் நிரம்பியிருந்தார்கள். 1990களில் கீபோர்டும் சாம்ப்ளரும் வந்தபின் அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அந்த வாத்தியக்காரர்களைச் சங்கமாகத் திரட்டியவர் தோழர் எம்.பி. சீனிவாசன். அவர் 1988ல் மறைந்தார். பெரும் அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

இன்று கூடத்துக்காரன் கணக்குப் போடுகிறான். ஐந்து பேர் கோஷ்டிக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் பெட்டியோடு ஒருவன் வந்தால் போதும். அவனுக்கோ ஒரு ஆள் கூலிதான். நாலு ஆள் கூலி யார் பைக்குப் போகிறது? பெட்டிக்காரன் பைக்கு அல்ல. அவனை யந்திரக்காரன் என்று சங்கங்கள் வெளியே நிறுத்தினால் கூடத்துக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். அவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டு, 1944ல் கேட்டதை மறுபடியும் கேட்க வேண்டும். ஒலித்துண்டு உரிமையில் கம்பெனி வாங்குகிற ஒவ்வொரு தொகையிலும் வாசித்தவனுக்கு ஒரு பங்கு, வேலையிழந்தவனுக்கு ஒரு நிதி. முதல் தவணை டிரம்காரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகட்டும். இசைத்தட்டின் உறையில் அவர்கள் பெயரைத் தேட வேண்டாம். பதிவுக் கூடத்தின் பழைய கூலிப் பட்டியல்களைப் புரட்டினால் போதும்.